தொடும் முன்பே இறங்கியது

மாலை ஆறரை. கணவரின் கையில் சுற்றிய பிரஷர் பட்டை உஸ்ஸென்று காற்று இறங்கித் தளர்ந்தது, நூற்று இருபத்தாறு, அவள் நம்பவில்லை, மறுபடி சுற்றிப் பார்த்தாள், அதேதான்... தேய்த்து முடித்தபின் வரவேண்டியது தேய்க்கும் முன்பே எப்படி வந்தது? எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைக்கூட இன்னும் திறக்கவில்லை. கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு தெளிவு, ஆபீஸ் விட்டு வரும்போது நூற்றைம்பதுக்குக் கீழே இருந்ததே இல்லை, மாத்திரை போட்டும்தான்... டாக்டர் அன்றே சொன்னார், மாத்திரைய விட்றாதீங்க சிஸ்டர், மசாஜ் துணைக்கு இருக்கட்டும். அதற்கு இவர், "ஏத்துறதும் நீ, இறக்குறதும் நீ, நல்ல பொழப்புடி உனக்கு!" வார்டில் போய்ச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், வார்டிலேயே இளைய நர்ஸ், சின்னவள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துத் தோளில் வைத்தாள், இடது தோள்பட்டைக்குக் கீழே எப்போதும் இருக்கும் அந்த முடிச்சு, தினமும் அவளோடு மல்லுக்கு நிற்பது, இல்லை... யார் அவிழ்த்தது? தானாக அவிழுமா? சின்னவள் வார்டுக்கு வந்த புதிதில், "எனக்கும் கத்துக்குடுங்கக்கா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலையாத குறை, பழக ஒரு முதுகு வேண்டுமே, இவளே வீட்டுக்குக் கூட்டிவந்தாள், இவர் முதுகை விட்டால் வேறு யார் முதுகு கிடைக்கும்... கை பழகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று அனுப்பி மாதக்கணக்காகிறது. இன்று அவள் லீவு, தலைவலி என்றாள், நன்றாகத் தூங்குடி என்று இவள்தான் போனில் சொன்னாள், எவ்வளவு அக்கறை. நல்ல கைதான் அவளுக்கு, ஒரே ஒரு கோணல், எத்தனை திட்டினாலும் இடது உள்ளங்கையில்தான் ஆரம்பிப்பாள், முதல்ல முதுகுடி, கை கடைசிலன்னு எத்தன தடவ சொல்றது... சும்மா இரு, நினைக்காதே, ஆபீஸில் இன்று வேலை குறைவாக இருந்திருக்கும், அப்படியும் இறங்கும்தானே?

"என்ன, நின்னுட்ட?" கண்ணை மூடியபடியே கேட்டார், கேட்டுக்கொண்டே இடது கையைத் தானாக நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க... இத்தனை நாளில் இவளிடம் ஒருநாளும் அப்படி நீட்டியதில்லை.

அவள் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தாள், அவர் நீட்டிய அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்றினாள், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள், பம்பை அழுத்திக் காற்றை மெல்ல விட்டாள். காதில் இது இருக்கும்வரை அவர் என்ன சொன்னாலும் சரியாகக் கேட்காது... அதற்காகத்தான் மாட்டிக்கொண்டோமா? நாடி தட்டத் தொடங்கியது, நூற்று இருபத்தாறுக்கு எவ்வளவோ மேலேயே. காதிலிருந்து அதைக் கழற்றாமலே கேட்டாள்:

"அவ இன்னமும் இந்தக் கையிலதான் ஆரம்பிக்கிறாளா?"