நாலாவது உத்திரம்

பல்லடம் தாண்டியதும் தமிழ்மதிக்குக் கண் சொருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ், ஜன்னலோர இடம், மடியில் டிபன் கேரியர். அரைத் தூக்கத்தில் காற்றாலைகள் வர ஆரம்பிக்கும். முதலில் ஒன்றிரண்டு, பிறகு கண்ணுக்கெட்டிய மட்டும். அந்த வெள்ளை இறக்கைகள் அவசரமே இல்லாமல் சுற்றச் சுற்ற, வாரம் முழுக்கக் காதுக்குள் ஓடிய தையல் மெஷின்களின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விடும். உடுமலைப்பேட்டை வந்து கண்டக்டர் எழுப்பும்போது, வேறு யாரோ ஒருத்தியின் கனவுக்குள் இறங்குவதுபோல்தான் அவள் இறங்குவாள்.

அவள் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாகக் காகிதத்தில் சட்டை வரைகிறவள். கணவன் செந்தில்வேல் போன வருஷம் வரை நிட்டிங் மெஷின் ஃபிட்டர். எங்கோ ஒரு தோப்பில், தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் ஓடி மரம் அறுக்கும் சின்ன மில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவன், ஒரு மாதம் வேறு பேச்சே பேசவில்லை. அவள்தான் சொன்னாள்: "போங்க மாமா. மனசு அங்க இருக்கறப்ப இங்க உக்காந்து ஊசி மாத்தி என்ன பண்றீங்க?" உடுமலைப் பக்கம் பொங்கியண்ணன் தோப்பில் மில் வந்து இறங்கியது. காய்ப்பு நின்றுபோன தென்னைகளும் காற்றில் சாய்ந்த வேம்புகளும் அங்கே சட்டமாகவும் பலகையாகவும் மாறின.

ஒரே ஒரு கஷ்டம். பெரிய கட்டையை மில்லின் மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். சாய்வாக வைத்த இரண்டு பலகை மேல் ஒருவர் கடப்பாரையால் நெம்பி உருட்ட, அது திரும்பி வராமல் இன்னொருவர் அடியில் ஆப்பு வைக்க வேண்டும். வாரம் முழுக்கச் சின்னக் கட்டைகளை அறுத்துக்கொண்டு, பெரியவற்றையெல்லாம் செந்தில்வேல் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைப்பான். தமிழ்மதி வருவாள். அவன் நெம்புவான், அவள் ஆப்பு வைப்பாள். பேசக்கூட மூச்சிருக்காது. சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது உள்ளங்கை எரியும். அந்த எரிச்சலை ஊதிக்கொண்டே வருவதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. தன் ஆளுக்குத் தன் கை தேவைப்படுகிறது.

அப்போதுதான் அவன் போனில் சொன்னான்.

"மதி, மில்லு உசரத்துக்குச் சரியா ஒரு மேடை கட்டிப்போடலாம்னு இருக்கறேன். டிரெய்லரப் பின்னால ஒட்டி நிறுத்துனா கட்டையெல்லாம் மேடைக்கு வந்துரும். அங்கிருந்து ஒண்ணொண்ணா மில்லுக்கு உருட்டிக்கலாம். அப்புறம் நான் ஒருத்தனே பாத்துக்குவேன்."

"நல்லதுங்க மாமா," என்றாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒருத்தனே பார்த்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே என்ன வேலை? எட்டு வருஷம் குடித்தனம் செய்த பிறகு, காரணம் இல்லாமல் புருஷனைப் பார்க்கப் போவது எப்படி என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஆனாலும் வரைபடம் அவள்தான் போட்டாள். அவன் அளவு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். உத்திரம் நாலு, நாலடிக்கு ஒன்று. உத்திரத்துக்கு இரண்டு கால், ஆக எட்டு. கால் உயரம் இருபத்துநாலு இஞ்ச். பத்தடிக் கட்டையைத் தாங்க மூன்று உத்திரம் போதுமே, நாலாவது எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்கவில்லை. சட்டை வாங்கும் பையர் அனுப்புகிற அளவுத் தாளைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பேட்டர்ன் போடும் பழுப்புக் காகிதத்திலேயே கால் ஒன்றை முழு அளவில் வரைந்து, வெட்டி, சுருட்டி, ஒரு ஞாயிறன்று கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைக் கட்டையின் மேல் விரித்து, அடுத்த வாரம் முழுக்க அவன் எட்டுக் கால்களையும் அறுத்து நிறுத்தினான்.

இன்று மேடை நின்றுகொண்டிருந்தது. புதிதாக அறுத்த வேம்பின் கசந்த வாசனை தோப்பு முழுக்க. மரத்தூள் காலடியில் சலித்த மாவு மாதிரி. தென்னங்கீற்றுக்கு நடுவே விழுந்த வெயில், தட்டையான கல் மேல் நின்ற எட்டுக் கால்களையும் தங்க நிறமாக்கியிருந்தது. கிட்டப் போய்த் தொட்டால் கலைந்துவிடுமோ என்றிருந்தது அவளுக்கு.

"வாங்க அம்மிணி," என்றார் பொங்கியண்ணன், டிராக்டரை அணைத்துக்கொண்டே. "நீங்க வராம கட்டைய ஏத்த மாட்டேன்னு நிக்கறான் மாப்ளெ. கும்பாபிசேகமாட்டப் பண்றான்."

முதல் கட்டை மேடைக்கு வந்தது. செந்தில்வேல் அதை மெல்லத் தள்ளினான். சமர்த்தாக உருண்டு போன கட்டை, மேடையின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, மில்லின் மேல் 'தொம்' என்று குதித்தது. மில் முழுக்க அதிர்ந்து, தண்டவாளம் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது.

"என்ன மாப்ளெ, படியெறங்கறாப்புல எறங்குது? புடிச்சு எறங்கக் கைப்புடி ஒண்ணு வெச்சுடு," என்றார் பொங்கியண்ணன்.

செந்தில்வேல் குனிந்து இரும்பு டேப்பால் அளந்தான். இன்னொரு காலையும் அளந்தான். "இருபத்தஞ்சே கால் வருது. நான் இருபத்துநாலுன்னுதான சொன்னேன்?"

தமிழ்மதி அந்தப் பழுப்புக் காகிதத்தை எடுத்து விரித்தாள். மூலையில் அவள் கையெழுத்திலேயே பென்சிலில் இருந்தது: ஷ்ரிங்கேஜ் 5%.

"அய்யோ மாமா. சுருக்கத்துக்கு விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"துணி தண்ணியில போட்டாச் சுருங்குமில்லீங்க. எந்த அளவு சொன்னாலும் கை தானா அஞ்சு பர்சென்ட் சேத்துரும்." பிறகு கொஞ்சம் ரோஷத்தோடு, "பச்சை மரம் சுருங்கும்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க!"

"மரம் அகலத்துலதான் சுருங்கும் கண்ணு. நீளத்துல எங்க சுருங்குது?"

"எதுக்கும் ஒருக்காத் தொவச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று பொங்கியண்ணன் சொல்ல, செந்தில்வேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தமிழ்மதியும் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் ஒரு நிம்மதி குறுகுறுத்தது. "வேற பேட்டர்ன் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டாறேங்க. அதுவரைக்கும் பழையபடி ரெண்டு பேருமே உருட்டிக்கலாம்."

அவன் குனிந்து காலுக்கு அடியிலிருந்த கல்லைத் தட்டிப் பார்த்தான். "காலை வெட்ட வேண்டாம் மதி. கல்ல ஒண்ணேகால் இஞ்ச் எறக்குனாப் போதும். பொழுதுக்குள்ள முடிச்சுடலாம்."

பொங்கியண்ணன் அடுத்த லோடு கொண்டுவரப் போய்விட்டார். இருவரும் வேலையில் இறங்கினார்கள். அவன் உத்திரத்தைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி முட்டுக் கொடுப்பான். அவள் கல்லை நகர்த்தி, அடி மண்ணைக் கையாலேயே வாரியெடுத்து, கழுத்தில் தொங்கிய டேப்பால் ஆழம் பார்த்து, கல்லைத் திரும்பக் குழியில் வைப்பாள். அவன் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பான். ஈர மண் நகக்கண்ணில் குளிர்ந்தது. ஒரு கால், இரண்டு கால். ஏழாவது காலுக்கு வந்தபோது அவள் கை வேண்டுமென்றே மெதுவாகிவிட்டது. ஒரு பிடி மண்ணை எடுப்பாள், அளப்பாள், அரைப் பிடியைத் திரும்பப் போடுவாள்.

"என்ன, பொங்கல் வெக்கறியா?" என்றான் அவன்.

எட்டும் முடிந்தது. நகர்ந்த தண்டவாளத்தை நேராக்கி, மில்லில் கிடந்த கட்டையை மேடைக்குத் தள்ளிவிட்டு, அவளையே உருட்டச் சொன்னான். ஒரே கையால் தள்ளினாள். கட்டை தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் புரண்டு, சத்தமே இல்லாமல் மில்லின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, முகம் காட்டாமல், டிபன் கேரியரை எடுக்கப் போனாள்.

"இரு," என்றான் அவன்.

மில்லுக்குப் பின்னாலிருந்து இரண்டு பலகைகளைச் சுமந்து வந்தான். இழைத்து, கை வைத்தால் வழுக்குகிற வேப்பம்பலகை. மூன்றாவது உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சட்டம் அடித்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். எதிரே நாலாவதிலும் அதேபோல் ஒன்று. பலகைகள் இரண்டும் அவற்றின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தன.

"கட்டை பத்தடிதான். இந்தக் கடைசிப் பக்கத்துக்கு எட்டவே எட்டாது," என்றான்.

"அது தெரியுங்க. அப்புறம் எதுக்கு நாலாவது உத்திரம்?"

"நீ கேப்பேன்னு ரெண்டு வாரமாப் பாத்தேன். கேக்காமயே வரைஞ்சு குடுத்துட்டே." பலகையின் மேல் படிந்த தூளைத் துண்டால் தட்டினான். "இத்தனை ஞாயித்துக்கெழமை வந்தே. ஒரு நாளாச்சு உக்காந்து பேசியிருக்கறமா? கடப்பாரையோடயும் ஆப்போடயும்தான் குடும்பம் நடத்தறோம். கட்டைய நான் ஒருத்தனே பாத்துக்குவேன். நீ வந்தா உக்கார்ரதுக்கு எடம் வேணுமில்ல?"

தமிழ்மதி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு செருப்பு நழுவி மரத்தூளில் விழுந்தது. அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா மாமா? அந்த அஞ்சு பர்சென்ட்டு... கை தானா போட்டுச்சா, மேடை முடியக் கூடாதுன்னு நானே போட்டனான்னு எனக்கே தெரியலீங்க."

அவன் சிரிக்கவில்லை. மண் ஒட்டிய அவள் உள்ளங்கையைத் திருப்பி, காய்த்துப்போன இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தான். தூரத்தில் ஆனைமலை நீலமாகக் கரைந்து கிடந்தது. கீற்றுகளுக்கு அப்பால் ஒரு காற்றாலை, நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி ஒரு சுற்று வந்தது.

டிராக்டர் சத்தம் கேட்டது. பொங்கியண்ணன் தலையை நீட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மேடையில ஆளுக உக்காந்துக்கிட்டா நான் கட்டைய எங்க எறக்கறது?"

"அந்தப் பக்கம் எறக்குங்கண்ணா, எடம் கெடக்குது," என்றாள் தமிழ்மதி, எழுந்திருக்காமலே. கழுத்து டேப்பை உருவிப் பலகையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தாள். "அடுத்த ஞாயிறு இதுக்கு ஒரு மெத்தையும் உறையும் தெச்சுக் கொண்டாறேன். நல்ல காட்டன் துணியா."

"ஷ்ரிங்கேஜ் விடுவியா?"

"இதுக்குக் கண்டிப்பா விடோணுங்க," என்றாள் அவள்.