வீமனுக்கு ஆகாத பால்

வீமன் என்றதும் ஆளைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலுக்குள் ஓடித்திரியும் சின்ன நாய்தான். கொழுப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் நகருக்குக் குடிபோன பிறகு பாலாம்பிகை பகலெல்லாம் கதைப்பது அவனோடுதான். ஆப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் வந்த பிறகு அவன் சுருண்டு விழுந்தான். காய்ச்சல், வயிறெல்லாம் சிவப்புப் பொட்டுகள், மூக்கிலிருந்து இரத்தம்.

“உண்ணி கடிச்சிருக்காம்,” என்றார் மிருக வைத்தியரிடம் போய்வந்த கணவர் பேரின்பநாதன். “கிருமியை அடிக்க வெளிக்கிட்ட உடம்பு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்களையும் சேர்த்து அடிக்குதாம். இந்தக் குளிசையை இறைச்சிக்குள்ளை வைச்சுக் குடுக்கட்டாம்.”

“கந்தசட்டிக்குள்ளை இந்த வீட்டிலை இறைச்சியோ? நல்லாயிருக்கு கதை!”

வீமன் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் அந்தமுறை பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடித்தாள். குளிசையைப் பொடியாக்கித் தான் விரதத்துக்குக் குடிக்கும் பாலிலேயே கரைத்து வைத்தாள். அவன் நக்கிக் குடித்தான்.

“பாத்தீங்களே, அவனும் என்னோடை விரதம்,” என்று பெருமைப்பட்டாள்.

ஆனால் அவன் தேறவில்லை. பல் முரசு வெளுத்துக்கொண்டே போனது. சூரன்போர் அன்று இரண்டாவது இரத்தப் பரிசோதனை முடிந்து வைத்தியர் தொலைபேசியில் வந்தார். தட்டணுக்கள் இன்னும் இறங்கியிருந்தன.

“குளிசையை என்னத்தோடை குடுக்கிறியள் எண்டு கேக்கிறா,” என்றார் பேரின்பநாதன்.

“பாலோடை எண்டு சொல்லுங்கோ.”

அவர் பிரெஞ்சில் சொன்னார், கேட்டார், முகம் விழுந்துபோனது.

“பால் அந்த மருந்தைப் பிடிச்சுவைச்சுக்கொள்ளுமாம். ரத்தத்துக்குள்ளை சரியாய்ப் போகாதாம். இனியாவது பாலில்லாமல் குடுக்கட்டாம்.”

ஐயோ! அவனுக்காகப் பிடித்த விரதமே அவனைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பாலாம்பிகை கோட்டை மாட்டிக்கொண்டு மூலையிலிருந்த ‘தெப்பனர்’ சில்லறைக் கடைக்குப் போனாள். உறைந்த கோழிப் பொட்டலத்தோடு திரும்பினாள்.

“இஞ்சேரும், இண்டைக்கு சூரன்போர்!” என்றார் பேரின்பநாதன்.

“தெரியும்.”

உப்புப்புளி இல்லாமல் அவித்தாள். வாடை சாமிப்படம் வரை போனது. “முருகா, கோவிக்கிறதெண்டால் என்னோடை கோவி,” என்று வாய்விட்டே சொல்லி, குளிசை வைத்த துண்டைத் தன் கையாலேயே ஊட்டினாள். அவன் விழுங்கும்வரை அவள் அசையவில்லை.

சில நாளில் மூக்கில் இரத்தம் நின்றது. பொட்டுகள் மங்கின. பழைய கொழுப்பும் மெல்லத் திரும்பியது; வீமன் தபால்காரரைக் குரைத்துக் கலைத்தான்.

கோயிலில் கூட விரதம் பிடிக்கும் தாட்சாயினி கேட்டாள்: “அப்ப அக்கா, உங்கட விரதம் பலிச்சிட்டுது, என்ன?”

“ஓம்,” என்றாள் பாலாம்பிகை. “முறிச்ச பிறகு.”