ஒன்பது சாக்கும் ஒரு வாலும்

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. பக்கத்து வீட்டு வினோலியா டீச்சர் கேட்டார். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர்.

"உயிர்களுக்குள்ள உறவு ஆறு வகை, ஐயா. பிள்ளைகளுக்கு மனசுல நிக்கமாட்டேங்குது. ஒரு கதையா எழுதிக் குடுங்க. பொய் மட்டும் சேத்துராதீக."

பொய் சேர்க்காமல் கதை எழுதுவது எப்படி என்று அவரிடமே கேட்டேன். ஆடு மாடு பூச்சியை வைத்து எழுதினால் அதுகள் பொய் சொல்லாது என்றார்.

(என்னைப் பற்றி ஒரு குறிப்பு: சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். தினசரித் தாளில் ராசிக்கு ஒரு வார்த்தை வருமே, மேஷம் லாபம், ரிஷபம் அலைச்சல் என்று, எங்கள் கம்பெனித் தாளில் அதெல்லாம் நான் போட்டது. ஜோசியம் தெரியாது. நேற்று லாபம் வாங்கிய ராசிக்கு இன்று அலைச்சல், அவ்வளவுதான் சாஸ்திரம். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதுவது இதுவே முதல் தடவை.)

டீச்சர் ஒரு தாளில் ஆறையும் கணக்குப் போல எழுதித் தந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் லாபம் என்றால் கூட்டல் கூட்டல். ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்றால் கூட்டல் பூஜ்யம். பேன் மாதிரி ஒட்டி உறிஞ்சினாலும் சரி, பருந்து மாதிரி தூக்கித் தின்றாலும் சரி, கூட்டல் கழித்தல், வகைதான் வேறு. ஒரே இரைக்கு அடித்துக்கொண்டால் கழித்தல் கழித்தல். எருமை நடக்கும்போது காலடியில் பூச்சி நசுங்கினால் பூச்சிக்குக் கழித்தல், எருமைக்குப் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தில்தான் எனக்கு முதல் குழப்பம். எருமைக்குக் காலில் ஈரம் பட்டிருக்காதா?

2

முதல் தொடக்கம்: 'வெம்பக்கோட்டை அணை வற்றிய வருஷம் ஒரு கொக்கும் ஒரு எருமையும்' (எருமை பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு வேப்பமரத்தில் ஒட்டிக்கொண்ட புல்லுருவி, மரம் உறிஞ்சிய தண்ணீரையெல்லாம்' (இங்கே என் மைத்துனர் ஞாபகம் வந்து கோபம் வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: 'முத்துச்செல்வி பசையில் துத்தம் போட மறந்தாள்.'

இது நடந்தது. நடந்ததை எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்வோம்.

3

முத்துச்செல்வி எதிர் வீடு. பட்டாசு கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறாள். வெறும் குழாய்தான், மருந்து அடைப்பது கம்பெனியில். குழாய் ஒட்ட மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கலக்கவேண்டும். அந்த நீலப்பொடி சேர்ந்தால் எலி வாய் வைக்காது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகிற அவசரத்தில் கலக்காமலே இறக்கிவிட்டாள். அந்தப் பசையில் சுற்றியது ஒன்பது சாக்கு. தகரக் கொட்டகையில் அடுக்கினாள்.

மூன்றாம் நாள் எலி வந்தது. ஐந்தாம் நாள் எலிச் சத்தம் நின்றது. ஏன் என்று எட்டிப் பார்த்தால், சாக்குக்கு இடையில் ஒரு வால்.

திங்கட்கிழமை லோடு போகவேண்டும். போன சீசனிலும் ஒரு லோடு பிந்திவிட்டாள். இந்தத் தடவை ஒரு சாக்கு குறைந்தாலும் ஆர்டரை அச்சங்குளத்துக்காரர்களுக்கு மாற்றிவிடுவதாகக் கம்பெனியில் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு இருப்பது இந்த ஒரு ஆர்டர்.

"பெரியப்பா, வெளிய யாருகிட்டயும் சொல்லீராதீக. சாரைதான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அது போச்சுன்னா எலி திரும்ப வந்துரும்."

"சாரைன்னு எப்படித் தெரியும்?"

"வால் நீளமா இருக்குல்ல."

"நீளத்தை வச்சுச் சொல்லலாம்னா உன் மாமியா நாக்கும் சாரைதான்."

சிரித்தாள். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சாரையா இருந்தாத்தான் பெரியப்பா எனக்கு ஆகும்."

4

டீச்சரிடம் போனேன்.

"பாம்புக்கும் எலிக்கும் கூட்டல் கழித்தல், சரி. பாம்புக்கும் முத்துச்செல்விக்கும்?"

"பாம்புக்கு இரை, அவுகளுக்குக் காவல். கூட்டல் கூட்டல்."

"முத்துச்செல்வின்னு ஒருத்தி இருக்கதே பாம்புக்குத் தெரியாதே டீச்சர்?"

"தெரியணும்னு அவசியமில்ல. பூவுக்குத் தேனீ பேரு தெரியுமா?"

"கடிச்சா?"

"கடிச்சா அவுகளுக்குக் கழித்தல்."

"அப்ப ஒரே பாம்பு காலைல கூட்டல், சாயங்காலம் கழித்தலா?"

டீச்சர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பரீட்சைக்கு வராது, ஐயா" என்றார்.

5

சொல்லாதீர்கள் என்றாளே, நான் சொல்லிவிட்டேன். டீக்கடையில். வாய் சும்மா இருக்கவில்லை.

பாம்பு பதினாலு அடி என்றேன். கொட்டாவி விட்டால் தகரம் படபடக்கிறது என்றேன். போன வாரம் ஒரு சேவலை முழுசாக விழுங்கிவிட்டது, தினமும் விடியும்போது பாம்பு வயிற்றுக்குள்ளிருந்து அது கூவுகிறது என்றேன்.

(டீச்சருக்கு: சேவல் பொய். அடித்துவிடலாம். ஆனால் அது கூவுகிற இடம் நன்றாக அமைந்திருக்கிறது. இருக்கட்டும்.)

கடையே சிரித்தது. லோடு வண்டி ஓட்டுகிற ஜெயசுந்தரும் இருந்தான். பாம்புத் தடம் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவன். நிஜம் என்று தெரிந்தால் எங்கள் தெருவுக்குள் வரவே மாட்டான். அவனே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"கூவும்போது எனக்கு ஒரு போன் போடுங்க தாத்தா. அலாரம் வைக்க வேண்டாம்ல?"

ஆக, இனி யாராவது நிஜமாகவே பாம்பு என்றாலும் அவன் நம்பமாட்டான். முத்துச்செல்விக்கு நான் செய்தது கூட்டல். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

6

ஞாயிறு சாயங்காலம் கொட்டகையை நானும் எட்டிப் பார்த்தேன். பின்சுவர் ஓரத்தில் அது தலையைத் தூக்கியது. கழுத்து அகன்ற மாதிரி இருந்தது. மாதிரி என்றுதான் எழுதமுடியும். பன்னிரண்டு ராசிக்கும் தயங்காமல் வார்த்தை போட்ட எனக்கு இந்த ஒரு பாம்புக்குப் போட முடியவில்லை.

முத்துச்செல்வியிடம் சொன்னேன்.

"பாத்தீகளா, இல்ல கதையா?"

"பாத்தேன்."

"கண்ணாடி போட்டிருந்தீகளா?"

"இல்ல."

"அப்ப சாரை" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் அவளே கம்பை வைத்துத் தட்டித் தட்டி ஆறு சாக்கை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். பின்சுவர் ஓரத்து மூன்றுக்குப் போகவில்லை. வாசலில் கம்போடு நின்றாள். வண்டி வந்தது. ஜெயசுந்தர் ஆறையும் ஏற்றினான்.

"மிச்சம் மூணு எங்கனக்கா?"

அவள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ளயா? ஒதுங்குங்க, நான் எடுக்கேன். இன்னும் நாலு வீடு இருக்கு."

தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி நான் கத்தினேன்: "ஏலே ஜெயசுந்தர், உள்ள போகாதலே! நல்ல பாம்பு கெடக்கு!"

"கூவுச்சா தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். நீ ஏன் சொன்னாய் என்று பார்த்தாளா, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்று பார்த்தாளா, இரண்டு தடவை எழுதிப் பார்த்தும் விளங்கவில்லை.

7

முடிவுகள்.

(அ) சாரை. அது ஓடுகிறது, இவனும் ஓடுகிறான், சிரிக்கிறார்கள், ஒன்பது சாக்கும் போகிறது. டீச்சருக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை.

(ஆ) நல்ல பாம்பு. ஜெயசுந்தர் வீட்டில் பதினோரு மாதப் பெண் குழந்தை (அடித்துவிட்டேன்.)

(இ) பாம்பு எப்போதோ போய்விட்டது. மூன்று சாக்கையும் எலி தின்றிருக்கிறது. இதை எழுதினால் முத்துச்செல்வி என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

மூன்றும் வேண்டாம். ஜெயசுந்தர் பின்சுவர் ஓரத்தில் குனிந்திருக்கிறான். அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் கத்தினால் இன்னொரு தடவை சிரிப்பான். முத்துச்செல்வி சொன்னால் நம்புவான், கொட்டகை அவளுடையது. ஆனால் மூன்று சாக்கு நின்றுபோகும், அவள் ஆர்டர் போய்விடும். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மிச்சம் இருப்பது இதைப் படிக்கிற நீங்கள். நீங்கள் அவனிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பாம்பு என்று நீங்கள் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுவான். அது என்ன பாம்பு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேண்டாம் என்றால் பேசாமல் இருங்கள், அவள் மாதிரி.

எதுவானாலும் சீக்கிரம். கையை உள்ளே விட்டுவிட்டான்.