நின்று நின்று ஏறும் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல்: "நான் ஒரு மலை ஏறிட்டேன்டா. டாக்டர்கிட்ட சொல்லிடாத."

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை மாடிப்படிகூட யோசித்துத்தான் ஏற வேண்டும். சமதரையில் மெதுவாகச் சைக்கிள் விடலாம், மூச்சு வாங்கினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைக் கேட்டு அவள் கட்டிலில் முடங்கியிருந்தால் எனக்குக் கதை இல்லை. உலகத்திலேயே சமமான தரை எது என்று யோசித்திருக்கிறாள். பழைய கால்வாய் ஒன்றின் கரையோரமாக ஊர் ஊராகத் தாண்டி, கடலிலிருந்து கடல் வரை போகும் சைக்கிள் பாதை கண்ணில் பட்டது. தண்ணீர் மேட்டில் ஏறாது, அதனால் கால்வாய்க் கரையில் மேடு இருக்காது. இது அவள் போட்ட கணக்கு.

2

முதல் தொடக்கம்: "விடியலின் பொற்கிரணங்கள் நீரைத் தழுவ..."

(அடித்துவிட்டேன். அக்காவும் அத்தானும் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது.)

இரண்டாம் தொடக்கம்: "தான் சாகக்கூடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது."

(இதை அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள். "நீயுந்தான் ஒருநாள் போவ. அதையும் சேத்து எழுது" என்றாள்.)

மூன்றாவதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே தொடங்காமலேயே உள்ளே போய்விடலாம்.

3

அத்தானைப் பாத்திரமாக்குவதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் ரகம். வழி முழுக்க அவர் செய்தது ஒன்றே ஒன்று: பின்னால் சைக்கிளில் வந்தபடி அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும்போது அவள் தோள் லேசாகத் தூக்கும். தூக்கினால் மணி அடிப்பார். அவள் இறங்கியாக வேண்டும். "நல்லாத்தான இருக்கேன்" என்பாள். மறுபடி மணி. புருஷன் பெண்டாட்டிச் சண்டை முழுவதும் அந்த மணியிலேயே நடந்து முடிந்தது.

[இங்கே நான் கொஞ்சம் வாயைப் பிளந்துகொள்ள அனுமதி வேண்டும். ஓரிடத்தில் ஆறு குறுக்கே வருகிறது. ஆற்றுக்கு மேலே கல்பாலம், பாலத்தின் மேலே கால்வாய், கால்வாயில் படகு. கீழே ஓடும் ஆற்றுக்கு மேலே இன்னொரு தண்ணீர் நிதானமாக நடந்து போகிறது. மண்வெட்டியும் கூடையும் வைத்திருந்த மனிதர்கள் செய்த வேலை இது. அக்கா சொல்லக் கேட்டபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேரில் போயிருந்தால் பேச்சே வந்திருக்காது.]

4

பிறகு மலை வந்தது.

அக்காவின் கணக்கு அங்கேதான் தப்பியது. கால்வாய் மலையைச் சுற்றிப் போகவில்லை. படிக்கட்டு மாதிரி ஏறியது. ஒவ்வொரு படியும் ஒரு தொட்டி, முன்னும் பின்னும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு உயர்கிறது. முன்கதவைத் திறந்தால் அடுத்த படி. அப்படியே உச்சி வரை தொட்டிகள். பக்கத்திலேயே செங்குத்தாகச் சைக்கிள் பாதை.

அத்தான், திரும்பிவிடலாம் என்றார். அக்கா பதில் சொல்வதற்குள் ஒரு படகு தொட்டிக்குள் நுழைந்தது.

வாழ்நாள் முழுக்க லிஃப்டைத் திறந்து மூடிய மனிதர் அவர். கம்பி, மோட்டார், கரண்ட், இவற்றில் ஒன்று போனாலும் நடுராத்திரியில் ஓடியவர். இங்கே மூன்றுமே இல்லை. மேலேயுள்ள தண்ணீர் கீழே வருகிறது, அதனாலேயே கீழேயுள்ள படகு மேலே போகிறது. படகுக்காரர் டீ குடித்தபடியே ஆள் உயரம் உயர்ந்துவிட்டார். அத்தான் கதவருகே போய் நின்றார்; படகு மேலே போன பிறகும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகை மறந்தார். மணியை மறந்தார்.

திரும்பிப் பார்த்தபோது அக்கா இல்லை.

(பயப்பட வேண்டாம். நான் பயந்துவிட்டேன், அது வேறு.)

அவள் மேலே, மூன்றாவது தொட்டியின் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். படகோடு கூடவே ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு தொட்டி தூரம் சைக்கிளைத் தள்ளுவாள். அந்தத் தொட்டி நிரம்பும் வரை உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்ததும் அடுத்தது. அத்தான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

"தண்ணியே நின்னு நின்னுதான் ஏறுது" என்றாள். "எனக்கு என்ன அவசரம்?"

அத்தான் திட்டவில்லை. அவளோடு உட்கார்ந்து தொட்டி நிரம்புவதைப் பார்த்தார். சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்குப் போய்விட்டார்கள்.

5

உச்சியில் பெரிய குளம். அதிலிருந்துதான் கால்வாய்க்கே தண்ணீர். பாதி தண்ணீர் அவர்கள் வந்த பக்கமாக இறங்குகிறது, பாதி மறுபக்கக் கடலுக்குப் போகிறது. அங்கிருந்து பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். மறுபக்கப் பாதை அப்படியே மீதி இருக்கிறது.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அத்தான் தனியாக மறுபக்கம் இறங்குகிறார். (நன்றாக வந்திருந்தது. அதற்காகவே என்மேல் எனக்குக் கோபம்.) இன்னொன்றில் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். அது விளம்பரம் மாதிரி இருந்தது.

நேற்று அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நாளைக் காலையில் ஆபரேஷன். படுக்கையிலிருந்து போன் செய்து, முடிவு எழுதிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

"எழுதாதடா. மீதிய நான் இன்னும் போகல" என்றாள். பிறகு, "பயமாத்தான் இருக்கு" என்றாள்.

இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதி முடிக்காத ஒரு வாக்கியம் மட்டும் மேசையில் இருக்கிறது:

கண் விழித்ததும் அக்கா முதலில் கேட்டது

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவள் தண்ணீர் கேட்கலாம், அத்தானைக் கேட்கலாம், சைக்கிளைக்கூடக் கேட்கலாம். உங்கள் இஷ்டம். முதல் இரண்டு சொற்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.