மெதுவாக ஓடுகிறவள்

கென்யாவில், ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன எங்கள் இத்தேன் ஊரில் மெதுவாக ஓடுகிறவர்களைப் பார்த்தால்தான் பயப்படுவார்கள். உலகப் பந்தயங்களில் ஓடுகிறவர்கள் உடம்புக்கு ஓய்வு கொடுக்கும் நாட்களில் மாடு மேய்க்கப் போவதுபோலத்தான் ஓடுவார்கள். அதனால் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி செரோப் இரண்டாம் வருடத்தில் திடீரென்று ஓட ஆரம்பித்தபோது, அவளுடைய வேகத்தைப் பார்த்து ஊரே வழிவிட்டது.

"பெரிய பந்தயம் எதுவோ வருது. பாரு, உடம்ப எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கா!" என்றாள் பால்காரி.

"இல்லக்கா, எனக்கு இவ்வளவுதான் வரும்" என்றாள் செரோப்.

"ஆமாமா, எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

செரோப் சொன்னது உண்மை. பிடித்திருந்தது, ஓடினாள். எனக்கு அது விளங்கவே இல்லை. எங்கள் வீடுகளில் ஓட்டம் என்றால் வேலை. நானும் பள்ளியில் ஓடியவள்தான். மாவட்டத் தேர்வில் நான்காவதாக வந்ததும் காலணிகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். அத்தனை வருடங்களில் இது எனக்குப் பிடிக்கிறதா என்று ஒருமுறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை.

கல்லூரிகளுக்கிடையிலான பந்தயத்துக்கு விளையாட்டுத் தலைவன் ருட்டிச் அவளைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டான்.

"நான் கடைசியாதான் வருவேன், ருட்டிச்."

"இப்படிப் பேசுறவங்கதான் ஆபத்து" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அறைக்கு வந்ததும் நான் கத்தினேன். "ஜுரம்னு சொல்லிப் படுத்துக்கோ. மானம் போகும்டி!"

செரோப்புக்கும் பயம்தான், விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒளிஞ்சா, ஜெப்தூ, அப்புறம் தினமும் ஒளிஞ்சுதான் ஓடணும்" என்றாள். "அது வேண்டாம் எனக்கு."

பந்தயத்தன்று எல்லாரும் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மறைந்தார்கள். புழுதி அடங்கியபோது செரோப் மட்டும் தெரிந்தாள். முதல் சுற்றில், "சக்தியச் சேத்து வைக்கிறா" என்று எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தட்டிக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"அக்கா, உகாலிக் களி வெந்து இறக்கியாச்சு, சீக்கிரம் வா!"

மைதானமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"மூடி வையி, வரேன்!" என்று ஓடியபடியே கத்தினாள் செரோப். அவளும் சிரித்தாள். வீம்புச் சிரிப்பா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. வேர்த்து, புழுதி படிந்து, அந்த முகம் அதன் வேலையில் இருந்தது. என்னைத் தேடக்கூட இல்லை.

முடிவெல்லைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்தாள். ருட்டிச் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏமாத்திட்டியே!"

"உன்கிட்ட என்ன சொன்னேன் நான்?"

"சொன்னே... யாரு நம்புவா?"

"சரி, அத விடு. யாரு ஜெயிச்சது?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். நான் நான்காவதாக வந்த அன்று முதலாவதாக வந்தவள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் விடியலில் விழித்தபடி படுத்திருந்தேன். அவள் கட்டில் அசையவில்லை. எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் நானே தோற்றதுபோல இருந்தது. பிறகு போர்வை விலகியது. இருட்டில் காலணியைத் தேடித் தடவினாள்; எதிலோ இடித்துக்கொண்டு மெல்லத் திட்டினாள்.

அவள் போனதும் ஜன்னலுக்கு வந்தேன். வாசலில் இடப்பக்கம் திரும்பினால் சைப்ரஸ் மரங்களுக்குள் போகும் ஒற்றையடிப்பாதை. யார் கண்ணிலும் படாமல் ஓடலாம். வலப்பக்கம் கடைத்தெரு, பால்காரியும் டீக்கடைப் பெஞ்சும், நேற்று சிரித்தவர்களும். செரோப் வாசலில் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

வலப்பக்கம் திரும்பினாள். அதே வேகம்.