ஏழு தட்டும் ஒரு இன்டர்வியூவும்

என் அப்பா அந்தோணிமுத்து எந்த ஊருக்குப் போனாலும் லாட்ஜில் தங்க மாட்டார். எல்லா ஊரிலும் நமக்குச் சொந்தம் இருக்கிறது, சொந்தம் இல்லாத ஊருக்கு நாம் ஏன் போக வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் போட்டுக் கொடுக்கும் பயணத் திட்டத்தில் செலவே இருக்காது. மற்ற எல்லாம் இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம் போய் எனக்கு இன்டர்வியூ வந்த சேதியைச் சொன்னேன். மறைமலைநகரில் வாஷ்பேசினும் கக்கூஸ் கோப்பையும் செய்கிற பெரிய கம்பெனி. சூளையிலிருந்து வருகிற சரக்கைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்தவள். முடித்து என்ன, இரண்டு வருஷமாகத் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். கிளிக்குக் கண், யானைக்குக் கண், குழந்தை இயேசுவுக்குக் கண். படுத்தால் அத்தனை கண்ணும் என்னையே பார்க்கும். எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பைத்தியம் பிடித்த மாதிரி வேண்டும்.

அப்பா உற்சாகமாகிவிட்டார்.

"ஒரு நாள் முன்னாடியே போயிடணும். ஞாயித்துக்கிழம முதல் பூசை பாத்துட்டு ரயில் ஏறுனா சாயந்தரம் தாம்பரம். அன்னமேரி வூடு இருக்குது. ராத்திரி நல்லாத் தூங்குற. காலையில லோக்கல் ட்ரெயின புடிச்சா மறைமலைநகர். டென்ஷனே கெடையாது."

அன்னமேரி என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கணவர் இறந்தபின் மகன் ராபர்ட்டோடு தாம்பரத்தில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் அவளுக்கும் சண்டையெல்லாம் இல்லை. போக்குவரத்துதான் இல்லை. அப்பா அவளுக்கு போன் போட்டார். செல்லில் பேசினால் காசு போய்விடும் என்பதால் அவர் தந்தி மாதிரிதான் பேசுவார். "ஜெனிபர் விஷயமா ஞாயித்துக்கிழம வரோம். நேர்ல பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டார். அந்த ஒரு ரூபாயை அவர் மிச்சம் பிடித்திருக்க வேண்டியதில்லை.

வெறும் கையோடு போகக் கூடாது என்று அம்மா ஏழு தட்டு எடுத்துக் கட்டினாள். எங்கள் ஊரில் கல்யாணம், பிள்ளைகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, கண் ஆபரேஷன் எதுவானாலும் பீங்கான்தான் மொய். அப்பா சூளையில் சரக்கு அடுக்குகிறவர். ஓரத்தில் புள்ளி விழுந்தது, லேசாக வளைந்தது எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அதையெல்லாம் அம்மா வைக்கோல் சுற்றிப் பரண் மேல் வைத்திருப்பாள். யாருக்காவது நல்லது நடந்தால் பரண் குறையும்.

ரயிலில் கூட்டம் நெரிந்தது. அப்பா தட்டு மூட்டையை மடியில் வைத்து, யார் இடித்தாலும் "பீங்கான் பீங்கான்" என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்கு உட்கார இடம் கிடைத்ததே அந்தக் கத்தலால்தான்.

தாம்பரத்தில் அத்தை வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பின்கட்டில் கோழி அலசிக்கொண்டிருந்தாள். "உக்காருங்கண்ணே, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று குரல் மட்டும் வந்தது. அப்பாவால் உட்கார முடியவில்லை. ரயிலில் அத்தனை இடி வாங்கிய தட்டுகளில் ஏதாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கூடத்தில் மூட்டையைப் பிரித்து, வைக்கோலை ஒதுக்கி, ஒவ்வொரு தட்டையும் விரலால் சுண்டிக் காதில் கேட்டுத் தரையில் வரிசையாக வைத்தார். ஏழும் நல்லபடியாக ஒலித்தன.

அடுத்து அவருக்கு எங்கள் வீட்டுச் சட்டம் ஞாபகம் வந்தது. பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. பையைத் துழாவினார். ஒரு தட்டில் முந்திரி, ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் கொய்யா, ஒன்றில் அதிரசம். நாளைக்குத் தலையில் வைக்க அம்மா கொடுத்த மல்லிச்சரம் ஒரு தட்டுக்குப் போனது. இன்டர்வியூவுக்குக் கட்ட வைத்திருந்த புதுச் சேலை பையில் கசங்குகிறதே என்று ஆறாவது தட்டில் நானே எடுத்து வைத்தேன். ஏழாவதுக்கு ஒன்றும் இல்லை. அப்பா மடியைத் தடவி, தான் போடுவதற்கு வைத்திருந்த வெற்றிலை பாக்கை எடுத்து வைத்துவிட்டுத் திருப்தியாக நிமிர்ந்தார்.

அத்தை முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். பூ, பழம், சேலை, வெற்றிலை பாக்கு, ஏழு தட்டு வரிசை. நின்றவள் நின்றபடியே அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே! ஃபோன்ல சொன்னப்பவே நெனச்சேன். சேலைகூட நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்களா? உங்க மாப்பிள்ள இருந்து இதப் பாக்காம போயிட்டாரே!"

என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து "என் மருமவளே" என்றாள். ஆம்பிளைப் பிள்ளை பெற்ற அத்தை வீட்டில் ஏழு தட்டு வைத்தால் வேறு என்ன நினைப்பாள்? பொண்ணு கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைப்பாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை, "மொதல்ல சாப்புடுங்க, கோழிக் கொழம்பு கொதிக்குது" என்றாள். திறந்த வாய் சாப்பாட்டுக்குத்தான் பயன்பட்டது.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். "இப்பவே சொல்லுங்கப்பா."

"சொன்னா அழுவாடி. அழுதா ராத்திரி எங்க தங்கறது? அத்த மவனக் கட்டணும்னா, நெருங்குன சொந்தம்னு நம்ம சபையில ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும். மாசக்கணக்காவும். அதுக்குள்ள நீ வேலைக்குப் போயிடுவ. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"பக்குவமா?"

"டென்ஷன் ஆவாத. நாளைக்கு இன்டர்வியூ."

கையிலிருந்த தட்டை அவர் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் கூடத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. பங்குச் சாமியாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க ஃபாதர், அனுமதி பொறவு வாங்கிக்கலாம், இப்ப வெறும் வெத்தல பாக்கு மாத்தறதுதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கா? ரொம்ப நல்லதுங்க ஃபாதர்."

அப்பா கழுவிய கையையே மறுபடியும் கழுவினார்.

காலையில் வீடு நிறைய ஆட்கள். எதிர்வீட்டுப் பெண்கள் எனக்குத் தலை பின்ன, மருதாணி வைக்க வந்துவிட்டார்கள். நான் அந்தப் புதுச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். சர்ட்டிபிகேட் பை மட்டும் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. லோக்கல் ட்ரெயின் போயிருக்கும். அப்பா எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டு, என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றார். எனக்கு அழுகை முட்டியது. இன்னொரு கிளிக்குக் கண் வரைவதற்குப் பதில் நான் என் கண்ணைக் குத்திக்கொள்வேன் என்று தோன்றியது.

ராபர்ட் மாடிப்படியில் குந்தியிருந்தான். ஏசி ரிப்பேர் செய்கிறவன். முறைப்படி மாமா என்று கூப்பிட வேண்டும், நான் கூப்பிட்டதில்லை. அவனும் என்னைப் போலவே முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான்.

"ஒனக்கு இது வேணுமா?" என்று கேட்டேன்.

அவன் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினான். மேல் கையில் வளைவாக ஒரு தழும்பு. "நான் நாலாவது படிக்கிறப்போ நீ கடிச்சது. மழை பெஞ்சா இன்னும் வலிக்குது. வாழ்நாள் பூரா இந்த வாயோட குடும்பம் நடத்த எனக்கு ஆவாது."

அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த பாசம் கொஞ்சமில்லை. இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, நானும் ஜெனியும் மாதா கோயிலுக்குப் போயி ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வரோம்" என்றான். கூடமே உருகிவிட்டது. அந்த உருக்கத்தில் நான் சர்ட்டிபிகேட் பையை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. அத்தை மல்லிச்சரத்தை எடுத்து என் தலையில் வைத்து, "பைக்க மெதுவா ஓட்டுடா" என்று வாசல் வரை வந்து அனுப்பினாள். பைக் மெதுவாகப் போகவில்லை.

இன்டர்வியூ அறையில் ஒரு வழுக்கைத் தலை மேனேஜரும் ஒரு பெண் அதிகாரியும் இருந்தார்கள். தொழில் பற்றிய கேள்விகளை நான் சமாளித்துவிட்டேன். கடைசியில் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பொண்ணுங்களுக்கு வேலை கத்துக் கொடுக்கிறோம். கத்துக்கிட்டதும் கல்யாணம்னு போயிடுறாங்க. உங்க வீட்டில கல்யாணப் பேச்சு எதுவும் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தலையில் மல்லிகை, கட்டியிருப்பது புதுச் சேலை, கையில் எதிர்வீட்டுக்காரி வைத்த மருதாணி. அவர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருக்குதுங்க சார். இப்ப தாம்பரத்துல நிச்சயமே நடந்துகிட்டு இருக்குது. பொண்ணும் மாப்பிள்ளையும்தான் அங்க இல்ல. மாப்பிள்ள உங்க கேட்டுல பைக்கோட நிக்கிறாரு. எனக்கு அங்க உக்காரணும்னு ஆசை இருந்தா இங்க வந்து உக்காந்திருக்க மாட்டேன்."

மேனேஜர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தார். அங்கே ராபர்ட் டேங்க் மேல் சாய்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பி, "ஒண்ணாம் தேதி வந்துடுவீங்களா?" என்று கேட்டார்.

தாம்பரம் திரும்பியபோது வீடு காலியாகிவிட்டிருந்தது. பொண்ணு எங்கே என்று சாமியார் நேராகக் கேட்டிருக்கிறார். அப்பா யாரிடம் வேண்டுமானாலும் மழுப்புவார், அங்கி போட்டவரிடம் அவருக்குப் பொய் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாமியார் இட்லி சாப்பிட்டு, எல்லாரையும் ஆசீர்வதித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தை கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா மூலையில் நின்றார்.

"எத்தினி வருஷமா என் வாசப்படி மிதிக்காத அண்ணன், தட்டோட வந்தா நான் என்னன்னு நெனப்பேன்? படுக்க எடம் வேணும்னு சொல்லியிருந்தா போட மாட்டனா? தூக்கிட்டுப் போ ஒன் தட்ட!"

சொல்லிவிட்டாளே தவிர, தட்டைத் தூக்கிக் கொடுக்க அவளால் முடியவில்லை. அவளும் எங்கள் வீட்டில் பிறந்தவள்தான். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது. அழுதுகொண்டே அரிசிப் பானையைத் திறந்தாள். ஒரு தட்டில் அரிசி, ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் துவரம்பருப்பு, அப்பளம், வறுகடலை. ஆறாவதில் நேற்று மீந்த அதிரசத்தையே வைத்தாள். வைக்க வைக்க அழுகை குறைந்துகொண்டு வந்தது.

"வேலை கெடச்சிடுச்சு அத்தை" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி ஏழாவது தட்டில் போட்டாள்.

"என் வூடு இருக்கும்போது நீ எங்க தங்குவ? மாடி ரூமு சும்மாத்தான் கெடக்குது."

மூலையில் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். லாட்ஜும் இல்லை, வாடகையும் இல்லை. தன் திட்டம் பலித்துவிட்டது என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார்.

எனக்கு அத்தையைப் பிடித்துப்போனது. அதனால்தான் அவளைக் கட்டிப்பிடித்து, சாவியை எடுத்து அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினேன்.

"கம்பெனி ஹாஸ்டல் இருக்குது அத்தை, அங்க தங்கிக்கறேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சி சாப்புட வந்துடுவேன். ஆனா ஒண்ணு."

"என்னா?"

"வெறுங்கையோடதான் வருவேன்."