ஓங்கிலுக்குத் தண்ணீர் வார்த்தது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைக்கவும் நான் ஆயத்தம். அவர்தான் என்னைக் கண்டதும் படலையைச் சாத்திவிடுகிறார்.

போன ஆவணியில், சாவகச்சேரிக்குத் தெற்கே எங்கள் கரைக்கு ஓர் ஓங்கில் வந்தது. டொல்பினைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். முதுகு முழுவதும் பச்சை குத்தியதுபோல் வட்டம் வட்டமாகக் கரும்புள்ளிகள். என் மனைவி பத்மாவதி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அம்மாள் வருத்தம்," என்றாள்.

பொக்குளிப்பான், அதாவது அம்மை, வந்த வீட்டில் நாங்கள் மீன் மச்சம் சமைப்பதில்லை. ஓங்கிலின் வீடு கடல். ஆகவே கடலிலிருந்து வந்த எதையும் ஊர் வாங்கவில்லை. அங்கே வலை போடும் ஜெறோமின் மீன் எல்லாம் கருவாடாகியது. கருவாட்டையும் வாங்க ஆளில்லை. வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"அக்கா, எங்கடை வேதத்திலை இப்பிடி ஒண்டும் இல்லை."

"உமக்கு இல்லை. ஓங்கில் சைவம்."

"ஆர் சொன்னது?"

"வந்து அஞ்சு நாளாய் ஒரு மீன் தொட்டதோ?"

தொடவில்லை. இளநீர் மட்டும் குடித்தது. நானே வெட்டிக் கொடுத்தேன்.

ஜெறோம் எங்கேயோ போய் ஒரு கடற்றொழில் அதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் தொலைநோக்கியால் பார்த்தார்.

"இது தோலிலை வாற வைரஸ். மருந்தில்லை. அநேகமாய்த் தானாய் மாறும்."

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன்," என்றாள் பத்மாவதி. "மாறினாப்பிறகு தலைக்குத் தண்ணி வாக்கவேணும். வாக்காமல் ஒருத்தரும் மீன் வாங்கேலாது."

"அது தண்ணிக்குள்ளைதானே அக்கா நிக்குது!" ஜெறோம் அழாத குறை.

"அது உப்புத்தண்ணி."

பன்னிரண்டாம் நாள் புள்ளிகள் மங்கின. ஜெறோம் வள்ளத்தைத் தள்ளினார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த கிணற்றுத் தண்ணீரோடு பத்மாவதி முன்னுக்கு நின்றாள். மூச்சு விட ஓங்கில் தலை தூக்கும் அந்தக் கணத்தில் வார்க்க வேண்டும். முதற் குடம் என் மேல். இரண்டாவது ஜெறோம் மேல். மூன்றாவது சரியாக உச்சியில் விழுந்தது. ஓங்கில் ஒரு தும்மல் போட்டது. வேப்பிலை பறந்து, ஏ-9 வீதியால் போன பஸ்ஸின் கூரையில் விழுந்தது. ஓங்கில் பெருங்கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குள் ஜெறோமின் பெட்டி வெறுமை. முதல் ஆளாய் வாங்கியவள் பத்மாவதி.

ஒன்றை மட்டும் சமாதான நீதவானிடம் சொல்லிவிடாதீர்கள்: ஆவணி மாதத்தில் எங்கள் கரையில் கடல் கணுக்கால் அளவுதான்.